எட்டு வாய்க்கும் ஐம்பத்தொன்று

நவம்பர் 3, திங்கள்

காலையில் தூறல். குளிரில் மாவு பொங்கவில்லை. ஆறு மணிக்கு அளக்க வேண்டியது, ஏழரை ஆகிவிட்டது.

எட்டு வாய்க்கும் கிராமில் எழுதினேன்: 51, 51, 52, 51, 51, 50, 51, 51. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

இது என் சொந்த நோட்டு. பட்டறையில் இருப்பது அளவு நோட்டு, நாளுக்கு ஒரு பக்கம். அதில் தேதியும் எடையும் தவிர வேறு எதுவும் எழுதக் கூடாது என்று உத்தரவு. மனதில் இருப்பதை எழுத இன்னொரு இடம் வேண்டும். அதனால் சைதாப்பேட்டை பஜாரில் இதை வாங்கினேன். கோடு போட்ட நோட்டு. எழுத்து மேலே கீழே அலையாது.

முதல் பக்கம் என்பதால் விவரம்:

நான் ஏழுமலை. வயது எழுபத்தொன்று. மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் நாற்பது வருடம் இட்லி ஊற்றியவன். மாலை வகுப்பில் எழுத்து படித்து முடித்து ஒன்பது மாதம்.

பட்டறை ஈக்காட்டுத்தாங்கலில். முதலாளி பெயர் ஜெயபால், விருதுநகர்ப் பக்கம். இட்லி ஊற்றும் இயந்திரம் செய்கிறார். மாவு பதம் தெரிந்த ஆள் வேண்டும், எடை பார்த்து எழுதவும் தெரிய வேண்டும் என்று தேடினார். இரண்டும் தெரிந்தவன் நான். போன வருடம் கேட்டிருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும்.

இயந்திரம்: மேலே மாவுத் தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய் இறங்கி ஒரு பிளாக்கின் நடுவில் நுழைகிறது. பிளாக்குக்குள் இடமும் வலமும் வழி பிரிகிறது. கீழே எட்டு வாய். எட்டும் ஒரே அளவு ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் பிரச்சினை. இப்போது இருப்பது மாதிரிக்குச் செய்த பிளாக். எல்லா வாயும் ஒரே அகலம். அசல் பிளாக்கை 14ஆம் தேதி எஃகில் வெட்டப் போகிறார்கள். வெட்டினால் வெட்டியதுதான். அடையாறில் ஒரு மாணவர் விடுதிக்குப் போகிறது.

மாடி அறையில் கல்பனாம்மா. கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்தவர். மாவு உள்ளே எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்குப் போடும் புரோகிராமையும் அவரே எழுதினாராம். மூன்று வருடம் எழுதினாராம்! நான் ஒரு பக்கம் எழுதவே ஒரு மணி நேரம்.

இனிமேல் அவர் பெயரை க.அம்மா என்று எழுதுவேன். கை வலிக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

நல்ல வெயில். மாவு ஆறு மணிக்கே தயார். ஏழு வாய் 51. ஒன்று மட்டும் 52.

வாங்க வேண்டியது: கண்ணாடிக்கு நூல். பேனா ரீஃபில். மனைவி சரசுவுக்கு மூட்டுத் தைலம்.

இன்று பெரிய நாள். க.அம்மா மாடிக்குக் கூப்பிட்டுப் படம் காட்டினார். பிளாக்கின் உள்வயிறு! வெறும் வயிறு இல்லை. வயிறு முழுக்க முக்கோணம். பெரியது, சின்னது, சாய்ந்தது, படுத்தது. வாய் ஓரத்தில் கடுகு மாதிரி பொடிப்பொடியாக. நடுவில் பெரிது பெரிதாக. திருப்பிக் காட்டினார். முக்கோணம் இல்லை, நான்கு முகம். சமோசா! ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஒன்பது லட்சம் சமோசா. இடைவெளி ஒரு துளி இல்லை.

"ஏம்மா, சதுரமா கட்டம் போட்டா நேரா வருமே" என்றேன்.

"போடலாம். ஆனா வளைவுல சதுரம் உக்காராது. படிக்கட்டு மாதிரி ஆயிடும். இது எந்த மூலைலயும் நுழைஞ்சுக்கும். எங்க மாவு படுத்தறதோ அங்க சின்னதா வெச்சுக்கலாம், மத்த இடத்துல பெருசா."

"அப்ப ஒண்ணுக்குப் பக்கத்துல இன்னாது கீதுன்னு கம்ப்யூட்டருக்கு எப்டித் தெரியும்? வரிசையே இல்லியே."

க.அம்மா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "இந்தக் கேள்வி வர என் காலேஜ் பசங்களுக்கு ரெண்டு மாசம் ஆகும். உங்க தெருவுல கதவு நம்பர் வரிசையா இருக்கா?"

"எங்கம்மா! எங்க வூடு பழசு பன்னெண்டு, புதுசு நாப்பத்தேழு. பக்கத்து வூடு மூணு."

"தபால்காரர் எப்படிக் கண்டுபிடிக்கறார்?"

"ஏழுமலை வூட்டுக்கு இந்தாண்ட யாரு, அந்தாண்ட யாருன்னு மனசுல வெச்சிக்கினு கீறாரு."

"அதேதான். ஒவ்வொண்ணும் தன்னோட நாலு அண்டை வீடு எதெதுன்னு ஒரு லிஸ்ட் வெச்சுண்டிருக்கு. வரிசை வேண்டாம், லிஸ்ட் போதும். அப்புறம் ஒரே ஒரு சட்டம். ஒரு வீட்டுக்குள்ள எவ்வளவு மாவு நுழையறதோ அவ்வளவும் அண்டை வீட்டுக்குப் போயே ஆகணும். காணாமப் போகக் கூடாது, புதுசா முளைக்கவும் கூடாது."

எனக்குப் புரிந்துவிட்டது! ஒன்பது லட்சம் வீடு, ஒவ்வொரு வீடும் அண்டை வீட்டைக் கேட்கிறது, உனக்கு எவ்வளவு தந்தேன், எனக்கு எவ்வளவு தந்தாய். எல்லோரும் ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பக் கேட்கிறது. திரையில் ஒரு கோடு இறங்குகிறது. சண்டை குறையக் குறையக் கோடு இறங்கும்.

கோடு இறங்குவதையே அரை மணி நேரம் பார்த்தேன். கீழே முதலாளி, "பெரியவரே, மேல சினிமாவா ஓடுது?" என்று கத்தினார்.

நவம்பர் 6, வியாழன்

நேற்று எழுதவில்லை. பல் வலி.

இன்று க.அம்மா கணக்கு முடிந்தது. வண்ணப் படம். வேகமாக ஓடும் மாவு சிவப்பு, மெதுவாக ஓடுவது நீலம். குழாயின் நடுவில் மாவு ஓடவே இல்லை. கட்டியாக, ஒரே துண்டாக நகர்கிறது. சுவர் ஓரத்தில் மட்டும் வழுக்குகிறது.

கரண்டியைச் சாய்த்தால் மாவு அப்படித்தான் இறங்கும், ஒரு துண்டாக. நாற்பது வருடம் மேலேயிருந்து பார்த்தேன். இன்றுதான் உள்ளேயிருந்து பார்க்கிறேன்.

"தண்ணி மாதிரி இல்லை இது" என்றார் க.அம்மா. "லேசாத் தள்ளினா அசையாது. ஒரு அளவுக்கு மேல தள்ளினாத்தான் ஓடும். ஓட ஓட இளகும். நிறுத்தினா மறுபடி கெட்டி ஆயிடும். அதான் இவ்வளவு பாடு."

இதை அளக்க ஒரு கருவி வைத்திருக்கிறார். மாவுக்குள் ஒரு தண்டைச் சுழற்றி, எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்க்கும். தினமும் என் மாவைத்தான் சுழற்றுகிறார்.

ஆனால் ஒரு சங்கடம். கணக்கு சொல்லும் எடை:

43, 49, 54, 58, 58, 54, 49, 43.

என் நோட்டு சொல்வது: எல்லாம் 51.

க.அம்மா இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓரத்து வாய்க்குப் போகும் மாவு தூரம் போக வேண்டும், வலு குறையும், அதனால் குறைவாக விழும் என்பது கணக்கு. என் நோட்டில் குறையவே இல்லை.

"தராசு சரியா?" என்றார். கடையிலிருந்து ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வந்து வைத்தோம். தராசு சரி.

"அப்ப என் மெஷ்ஷுலதான் தப்பு" என்றார். மெஷ் என்றால் அந்தச் சமோசா வலை.

எனக்குக் கஷ்டமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உண்மையைத்தானே எழுத வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. கிண்டிப் பக்கம் தண்ணீர் தேங்கி பஸ் சுற்றிப் போனது. சுற்றியதில் நான்கு புதுப் பலகை படித்தேன். பழுது பார்க்கப்படும். அனுமதி இல்லை. வாடகைக்கு. நாய்கள் ஜாக்கிரதை.

க.அம்மா எனக்கு மாடியில் ஒரு வேலை கொடுத்தார்! சில சமோசா கோணலாகிவிடுமாம். ஊசி மாதிரி நீண்டு மெலிந்து. ஒரு ஊசி இருந்தாலும் அந்த வீட்டுக் கணக்கு தப்பாகி, அண்டை வீட்டையும் கெடுத்து, மொத்தமும் தாறுமாறாகப் போய்விடுமாம். கம்ப்யூட்டர் அவற்றைச் சிவப்பில் காட்டுகிறது. ஒவ்வொன்றின் மேலும் எண். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொல்ல வேண்டும், அவர் சரி செய்வார்.

ஆறு இலக்க எண்! நான்கு லட்சத்துப் பதினேழாயிரத்து முந்நூற்று இரண்டு. இப்படி அறுபத்துமூன்று எண் படித்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. தொண்டை வறண்டது. க.அம்மா காபி வாங்கிக் கொடுத்தார்.

அளவு: எட்டும் 51.

நவம்பர் 9, ஞாயிறு

வீட்டில். கீரை, வாழைக்காய்.

சரசுவுக்குப் படிக்கத் தெரியாது, படிக்கவும் மாட்டேன் என்கிறாள். நோட்டை எடுத்து உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னாய்யா, கலெக்டர் பரீட்சையா எழுதிக்கினு கீற?"

"ஒன்னப் பத்தித்தான் எழுதுறேன்."

"இன்னா எழுதுன? படி."

படித்தேன். "கீரை, வாழைக்காய்."

"முப்பது வருசமா நான் ஆக்குனது உனக்குக் கீரை, வாழக்கான்னு ரெண்டே வார்த்தையா? போ, நீயே கழுவி வை தட்ட."

கழுவினேன்.

மாலையில் அவளுக்குப் படம் வரைந்து விளக்கினேன், பிளாக், எட்டு வாய், சமோசா. எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தம்மா பாவம்யா" என்றாள். "மூணு வருசம் எழுதுனத நீ ஒரு நோட்டுல தோக்கடிச்சிட்ட."

நான் தோற்கடிக்கவில்லை. நான் எடையைத்தான் எழுதினேன்.

நவம்பர் 10, திங்கள்

மேகமூட்டம். மாவு கொஞ்சம் புளிப்பு அதிகம்.

க.அம்மா சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்திருக்கிறார். ஒவ்வொரு சமோசாவையும் உடைத்து எட்டாக்கிவிட்டார். இப்போது எழுபது லட்சத்துக்கு மேல். கம்ப்யூட்டர் ஒன்றரை நாள் ஓடியது. தொட்டால் சுடுகிறது. அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு மேஜை மின்விசிறி.

முடிவு வந்தது. 43, 49, 54, 58.

அசையவே இல்லை!

"இதான் புரியலை" என்றார். "மெஷ் தப்புன்னா, சின்னதாக்கினா விடை மாறணும். மாறவே மாட்டேங்கறது. அப்ப கணக்கு ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா நிஜம் வேற மாதிரி இருக்கு." பிறகு மெல்லச் சொன்னார்: "அதைவிட விசித்திரம், மொத்தம் பாருங்கோ. கணக்குலயும் நானூத்தியெட்டு, உங்க நோட்டுலயும் நானூத்தியெட்டு. மொத்தம் சரியா வரது. பங்கு மட்டும் இடிக்கறது."

முதலாளி மாடிக்கு வந்தார். நாற்காலி இல்லை, சுவரில் சாய்ந்து நின்றார்.

"மேடம், படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மாவுக்கும் ஒங்க கணக்குக்கும் ஒத்து வரலை. பெரியவரு முப்பது பக்கம் எழுதி வச்சிருக்காரு, எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் அம்பத்தொண்ணு. நான் எத நம்ப? வெள்ளிக்கிழம எட்டு வாயும் ஒரே அகலமா வெட்டிருதேன். கம்ப்யூட்டர நிறுத்திக்கிடுவோம்."

"இன்னும் நாலு நாள் இருக்கே" என்றார் க.அம்மா.

"நாலு நாள்ல மாவு மாறிருமா?"

இறங்கும்போது என் தோளைத் தட்டினார். "பெரியவரே, ஒங்க நோட்டு கம்ப்யூட்டரயே செயிச்சிருச்சு."

என் எழுத்து! ஒன்பது மாத எழுத்து!

மாலை கிளம்பும்போது க.அம்மா படிக்கட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவிடம். "ஆத்துக்குத்தான் வந்துண்டிருக்கேன்... இல்லைம்மா, எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன், எங்கன்னே தெரியலை... இதுகூட வரலைன்னா அந்தப் புரோகிராமை வெச்சுண்டு என்ன பண்றது. கேட்டா காலேஜ்ல திரும்ப எடுத்துப்பா."

அந்தப் பக்கம் போகாமல் பின்வழியாக வந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. எட்டும் 51. எழுதும்போது மனதுக்கு நிறைவு. எல்லாம் சமம் என்றால் ஒரு அழகு.

முதலாளி விடுதிக்காரரிடம் போனில்: "எங்ககிட்ட எழுத்துல இருக்குங்க சார். எழுத்து பொய் சொல்லாதுல்ல?"

புதுப் பேனா வாங்கினேன். நீலம்.

க.அம்மா ஊசி தேடச் சொல்லவில்லை. கணக்கை முதலிலிருந்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். உதடு அசைகிறது. நான் படிப்பதும் அப்படித்தான்.

நவம்பர் 12, புதன்

எழுத வேண்டும். எப்படி எழுதுவது.

காலை அளக்கும்போது முதலாளி வந்தார். விடுதிக்காரருக்கு அனுப்ப வீடியோ எடுக்கிறேன், நீங்கள் பாட்டுக்கு அளந்துகொண்டே இருங்கள் என்றார். நான் அளந்தேன். 51, எட்டும்.

டீ நேரத்தில் போனைக் காட்டினார். "பாருங்க, என்ன அழகா ஊத்துது!" அவர் இயந்திரத்தைத்தான் பார்த்தார். அதற்குள் யாரோ கேட்டில் கூப்பிட, போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் பார்த்தேன்.

எட்டு வாயும் திறக்கிறது. எட்டுக் கிண்ணத்திலும் மாவு விழுகிறது. நின்றது. நடுக் கிண்ணங்களில் நிறைய, ஓரத்துக் கிண்ணங்களில் குறைய. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. பிறகு ஒரு கை வருகிறது. கரண்டி பிடித்த கை. வாயில் தொங்கும் மாவை வழிக்கிறது, ஓரத்துக் கிண்ணத்தில் உதறுகிறது. நான்காவதிலிருந்து ஒரு கரண்டி, முதலாவதில். ஐந்தாவதிலிருந்து ஒரு கரண்டி, எட்டாவதில். மூன்றிலிருந்து கொஞ்சம், இரண்டில். ஆறிலிருந்து ஏழில். மூச்சு விடும் நேரம்தான். எட்டும் சமம். அதற்கப்புறம்தான் அந்தக் கை கிண்ணத்தைத் தூக்கித் தராசில் வைக்கிறது.

என் கை.

எனக்குத் தெரியவே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மெஸ்ஸில் தட்டில் ஊற்றினால் குழிக்குக் குழி சமன் செய்துதான் அடுப்பில் ஏற்றுவோம். ஒரு இட்லி தட்டையாக இருந்தால் இலையிலிருந்து திரும்பி வரும். சமன் செய்தேனா என்று யாராவது நாற்பது வருடத்தில் என்னைக் கேட்டிருக்கிறார்களா? மூச்சு விட்டாயா என்று கேட்பது போல அது.

முதலாளி திரும்பி வந்தார். "இன்னொரு தடவ போடுங்க மொதலாளி" என்றேன். போட்டார். மறுபடி கேட்டேன்.

"என்ன பெரியவரே, ஒங்கள நீங்களே ரசிக்கிறீகளா?" சிரித்துவிட்டு வீடியோவை விடுதிக்காரருக்கு அனுப்பினார். பிறகு எஃகு வெட்டுபவருக்குப் போன். வெள்ளி காலை பத்து மணி, ஒரே அகலம், எட்டு வாய். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

க.அம்மா மதியமே வீட்டுக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் சன்னல் ஓரம். முதலில் வெட்கம்தான். காது வரை சூடு. அப்புறம் சைதாப்பேட்டைப் பாலத்தில் பஸ் நின்றபோது திடீரென்று வேறொன்று புரிந்தது. கணக்கு சரி! அந்தச் சமோசாக்கள் சொன்னது முழுக்கச் சரி! அவற்றுக்குக் கண் கிடையாது, கை கிடையாது, கரண்டி கிடையாது. பிளாக்கின் வயிற்றுக்குள் இருட்டில் அண்டை வீட்டைக் கேட்டுக் கேட்டே கண்டுபிடித்துவிட்டன. மொத்தம் நானூற்றெட்டு ஏன் ஒத்துப்போனது? நான் மாவை இடம் மாற்றினேனே தவிர வெளியே எடுக்கவில்லை!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா நைனா, லாட்ரியா?" என்றார்.

ஆனால் சொல்ல வேண்டுமே. முப்பத்திரண்டு பக்கம். நான் முதன்முதலில் எழுதிய முப்பத்திரண்டு பக்கம்.

நவம்பர் 13, வியாழன்

காலை. ஒரு சந்தேகம், மாவுக்கு மட்டும்தானா என்று. சரசுவிடம் இரண்டு டம்ளரில் காபி ஊற்றி வைக்கச் சொன்னேன், ஒன்றில் வேண்டுமென்றே அதிகமாக.

"எதுக்குய்யா?"

"சும்மா வையி."

வைத்தாள். பேசிக்கொண்டே உட்கார்ந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். குனிந்து பார்த்தால் இரண்டு டம்ளரும் சமம். என் கையில் அவள் டம்ளர்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்டித்தான்யா நீ. ஒனக்குத் தெரியாதா? ரெண்டு பேர் தட்டுல கொழம்பு ஊத்துனாக்கூட நீ சமம் பண்ணாமத் துன்னதில்ல. நாந்தான் கண்டுக்காம வுட்டுட்டேன்."

அவளிடம் முழுதும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"சொல்லலன்னா இன்னா ஆவும்?"

"அடையாறுல பசங்களுக்கு ஓரத்து இட்லி சின்னதா வரும். அந்தம்மா கணக்கு தப்புன்னு ஆவும். அவங்க போய்டுவாங்க."

"சொன்னா?"

"என் நோட்டு தப்புன்னு ஆவும்."

சரசு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நோட்டு தப்புன்னா இன்னா? கை நல்ல கைதானே. போய் சொல்லிட்டு வா. வரும்போது தைலம் மறந்துடாத."

ஒன்பது மணிக்கு நேராக மாடிக்கு. மூச்சு வாங்கியது. "அம்மா, தப்பு உங்குளுது இல்ல. என்னுது" என்றேன். முதலாளியையும் மேலே கூப்பிட்டு வீடியோ போடச் சொன்னேன். க.அம்மா பார்த்தார். கை வந்த இடத்தில் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார்.

"அதனாலதான் மொத்தம் சரியா வந்துது" என்று முணுமுணுத்தார். பிறகு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். "ஏழுமலை, ஒரு வாரமா என் மெஷ்ஷைப் பொடிப்பொடியா உடைச்சுண்டிருக்கேன்! உங்க கரண்டியை எந்த மெஷ்ஷுல போடறது?"

முதலாளி சிரிக்கவில்லை. "முப்பத்திரண்டு பக்கமும் போச்சா? நான் விடுதிக்காரருகிட்ட எழுத்துல இருக்குன்னு மார்தட்டிட்டேனே. பெரியவரே, ஒங்கள நம்பித்தான..." பாதியில் நிறுத்திவிட்டார். அந்தப் பாதி முழுதாகச் சொன்னதைவிட அதிகம் சுட்டது.

"நாளைக்கு உங்க கண்ணு முன்னால அளக்குறேன் மொதலாளி. கை வெக்க மாட்டேன். அதுக்கப்பறம் வெட்டுங்க."

அவர் யோசித்தார். "பத்து மணிக்கு ஆளு வாரான். பதினொண்ணு வரைக்கும் நிப்பாட்டி வைக்கேன். அதுக்கு மேல முடியாது."

அளவு நோட்டில் இதைப் பதிவு செய்ய வேண்டும் என்றார் க.அம்மா. தானே எழுதுகிறேன் என்று பேனா எடுத்தார். வேண்டாம் என்றேன். எழுதியது நான். முப்பத்துமூன்றாம் பக்கத்தில், இருபது நிமிடம் எடுத்து, இப்படி:

"முதல் பக்கம் முதல் முப்பத்திரண்டாம் பக்கம் வரை உள்ள எடைகள் தவறு. ஊற்றிய பிறகு கரண்டியால் சமன் செய்தேன். தெரியாமல் செய்தேன். மொத்த எடை மட்டும் சரி. ஏழுமலை."

எண்ணும் தேதியும் தவிர எதுவும் எழுதக் கூடாது என்ற உத்தரவை யாரும் நினைவுபடுத்தவில்லை.

தைலம் வாங்கிவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதிய இடைவேளை. சோறு அப்புறம்.

காலை மேகம், மழை இல்லை. மாவு அருமையாகப் பொங்கியிருந்தது. க.அம்மா ஐந்தரைக்கே வந்து அதைச் சுழற்றிப் பார்த்து, இன்றைய பதத்துக்குத் தனியாகக் கணக்கு ஓட்டினார். விடையை ஒரு தாளில் எழுதி மடித்து முதலாளி சட்டைப்பையில் வைத்தார். எனக்குக் காட்டவில்லை. காட்ட வேண்டாம் என்று நானே சொன்னேன். என் கையை நான் நம்பவில்லை.

ஏற்பாடு: கரண்டி மாடியில். கிண்ணம் தூக்குவது முதலாளி. நான் தராசுக்கு எதிரே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. எடை வந்த பிறகுதான் பேனா எடுக்கலாம்.

எஃகு வெட்டுபவரும் வந்து நின்றார். "இன்னா சார், ஆபரேசனா?" என்றார். முதலாளி, "பேசாம இருய்யா" என்றார்.

வாய் திறந்தது. மாவு விழுந்தது. நின்றது. வாயில் மாவு வால் தொங்குகிறது. பின்னால் என் விரல் துடிக்கிறது! நன்றாகத் தெரிந்தது. வலது கையை இடது கை பிடித்துக்கொண்டது.

க.அம்மா கீழே வரவில்லை. படிக்கட்டின் பாதியில் நின்றார். "சொல்லுங்கோ" என்று குரல் மட்டும்.

முதல் கிண்ணம். நாற்பத்திரண்டு. எழுதினேன். இரண்டாவது, நாற்பத்தெட்டு. மூன்றாவது, ஐம்பத்துநான்கு. நான்காவது, ஐம்பத்தொன்பது. ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தேன். முதலாளியால் பொறுக்க முடியவில்லை. ஐந்தாவது கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுத்துப் பிரித்தார். அவர் முகத்தைத்தான் பார்த்தேன். உதடு அசைந்தது.

"நாப்பத்தி ரெண்டு. நாப்பத்தி எட்டு. அம்பத்தி நாலு. அம்பத்தெட்டு." நிமிர்ந்தார். "ஒண்ணுதான் இடிக்கி. ஒரு கிராம்."

"அந்த ஓட்டை ஒழுங்கா இருக்கான்னு பாருங்கோ!" படிக்கட்டிலிருந்து கத்தினார் க.அம்மா. இவ்வளவு பெரிய குரல் அவருக்கு இருக்கும் என்று நினைக்கவில்லை. பார்த்தோம். நான்காம் வாயின் விளிம்பு தேய்ந்து, ஓட்டை கொஞ்சம் அகலமாகத்தான் இருந்தது!

மீதி நான்கும் எடுத்தோம். ஐம்பத்தெட்டு, ஐம்பத்துநான்கு, நாற்பத்தெட்டு. எட்டாவது கிண்ணத்தைத் தராசில் வைத்ததும் எண் ஓடி நின்றது. நாற்பத்திரண்டு. நான் படித்த சத்தம் தெருமுனை டீக்கடை வரை கேட்டிருக்கும். க.அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சமமில்லாத எட்டு எண்ணை எழுதி இவ்வளவு சந்தோஷப்பட்டவன் எந்த மெஸ்ஸிலும் இருக்க மாட்டான்.

முதலாளி தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு படிக்கட்டைப் பார்த்து, "மேடம், ஓரத்து வாய் எவ்வளவு அகலம் வெட்டணும்னு ஒங்க கம்ப்யூட்டரு சொல்லுமா?" என்றார்.

"ராத்திரியே சொல்லிடுத்து" என்றார் க.அம்மா. எட்டு அகலம். ஓரம் பெரிது, நடு சிறிது. தாளில் எழுதிக் கொடுத்தார். வெட்டுபவர் படித்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பெரியவரு இன்னொரு தடவ ஒரக்கப் படிக்கட்டும் சார், கேட்டுக்கினே மார்க் பண்றேன்" என்றார். படித்தேன். புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணையும் சேர்த்து.

முதலாளி இன்னும் என்னிடம் நேராகப் பேசவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு முன் அளவு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நாளைலேர்ந்து முப்பத்தஞ்சாம் பக்கம்" என்றார்.

கீழே டிரில்லிங் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஓரத்து வாய்தான் முதலில். போகிறேன்.